கோணலாய் விழுந்த படம்

வெள்ளம் வடிஞ்ச நாலாம் நாள் தூத்துக்குடியில வெயில் வந்துச்சு. எங்க காலனியில ஆறு பிளாக்கு, மூணு மாடி. அத்தனை வீட்டுப் பொம்பளைகளும் மொட்டை மாடிக்கு ஏறி, பாயும் தலகாணியும் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டும் காயப்போட்ட இடத்துலேயே கொடிக்கயிறு கட்டி, ஈரம் ஏறின ஆல்பத்துல இருந்து ஒவ்வொரு போட்டோவாப் பதனமா உரிச்சு எடுத்து, துணிக்கு மாட்டுற கிளிப்பை மாட்டி வரிசையாத் தொங்கவிட்டோம். சாயங்காலம் எடுக்கப் போனா ஒவ்வொரு படத்துலயும் ஒரு ஆள் கூடுதலா நிக்காங்க. வேற யாரும் இல்ல, அந்தப் படத்தை எடுத்தவங்கதான்.

என்னைத் தெரியாதவங்களுக்குச் சொல்லிடுதேன். என் பேரு எஸ்தர் பாக்கியம், ரெண்டாம் பிளாக்கு மேல்வீடு, இட்லி மாவு அரைச்சு விக்கேன். காலையில ஆறு மணிக்கு வாளியும் கரண்டியுமா இறங்கினேன்னா காலனி பூராக் கதவையும் தட்டிட்டுத்தான் ஏறுவேன். அதனால எந்த வீட்டுல யாரு யாரோட பேசலை, எந்த வீட்டுல பாயசம், எந்த வீட்டுல பட்டினி, எல்லாம் எனக்கு அத்துபடி. நான் சொல்லுறதுல ஒரு கரண்டி கூடுதலா இருக்கலாம், குறைச்சலா இருக்காது. நம்பாதவங்க நம்ப வேண்டாம், எனக்கு ஊறப்போட்ட உளுந்து கெடக்கு.

வந்து நின்னவங்க யாருக்கும் ஒரு தொந்தரவும் பண்ணலை. படம் எடுத்த அன்னைக்கு என்ன உடுத்தியிருந்தாங்களோ அதையே உடுத்தி, கேமராவை முகத்துல வச்சு, முழங்கையை விலாவோட ஒட்டி, படத்தோட ஓரமா நின்னாங்க. கேமரா மறைச்சதால முகம் மட்டும் யாருக்கும் தெரியலை. தொப்பையையும் செருப்பையும் கைக்கடிகாரத்தையும் வச்சுத்தான் இன்னார் இன்னார்னு கண்டுபிடிக்க வேண்டியிருந்துச்சு. கல்யாணப் படம் அத்தனையிலயும் சஃபாரி சூட் போட்ட ஸ்டூடியோக்காரர் நின்னார். நாலாம் பிளாக்கு சந்தனமாரிக்கு வந்த கோவத்தைப் பாக்கணுமே! "தாலி கட்டுற நேரத்துல எம்மேல சாஞ்சுல்லா நிக்கான் மனுசன், அன்னைக்கே பாத்திருந்தா செருப்பைக் கழத்தியிருப்பேன்"ன்னு குதிச்சா. அவ வீட்டுக்காரர், "அவன் அன்னைக்கும் அங்கதான் புள்ள நின்னான், நீதான் நிமிந்து பாக்கலை"ன்னு சொல்லிட்டு மிச்சக் காப்பியைக் குடிச்சார். செல்போன்ல எடுத்துப் பிரிண்டு போட்ட செல்ஃபியில மட்டும் ஒருத்தரும் வரலை. எடுத்தவளும் அவளே, இளிச்சுக்கிட்டு நிக்கிறவளும் அவளே, அதுல வேற எவ வருவா?

சிரிப்பு மட்டும்னு நெனைக்காதீங்க. ஆட்டோ ஓட்டுற இசக்கிராஜாவுக்கு அம்பது வயசு, அப்பன் தன்னை ஏறெடுத்துக்கூடப் பாத்ததில்லைன்னு அம்பது வருசமாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச ஆளு. அஞ்சாங்கிளாஸ்ல ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சு நிக்கிற படம் ஒண்ணு அவன்கிட்ட இருந்துச்சு, வாத்தியார் எடுத்ததுன்னு சொல்லுவான். இப்போ பாத்தா, பள்ளிக்கூட வேலிக்கு வெளிய, யாரோ இரவல் குடுத்த கேமராவைப் பிடிச்சுக்கிட்டு, வலது கையில நடுவிரல் இல்லாத ஒரு ஆளு நிக்கார். துறைமுகத்துல கிரேன் சங்கிலியில போன விரலு அது. இசக்கிராஜா ரெண்டு நாள் ஆட்டோ எடுக்கலை. மூணாம் நாள் என்கிட்ட மாவு வாங்க வந்து, "யக்கா, எங்கப்பா வந்திருந்தாரு"ன்னு மட்டும் சொன்னான். சொல்லிட்டுச் சில்லறை வாங்காமலே போயிட்டான்.

காலனிச் சங்கம் கூடுச்சு. செயலாளர் சுயம்புலிங்கம் எந்த விசயத்துக்கும் டீயும் மிச்சரும் வச்சுத் தீர்மானம் போடுறவர், இதுக்கும் போட்டார். வந்தவங்க வந்தவங்கதான், போகச் சொல்ல நாம யாரு. ஆல்பத்தைப் பட்டுன்னு மூடக் கூடாது, மெதுவா மூடணும். சின்னப் பிள்ளைக ஓரத்துல கைவச்சு நசுக்கக் கூடாது. கோயில் பூசாரியும் சரின்னுட்டார், எங்க சர்ச்சுச் சாமியாரும் சரின்னுட்டார். அவங்க ரெண்டு பேரும் ஒரு விசயத்துல ஒத்துப்போனதை நான் அன்னைக்குத்தான் பாத்தேன். சில வீட்டுல காலையில படத்துக்கு முன்னால ஒரு டம்ளர் காப்பி வச்சாங்க. செல்போனை எடுத்து அந்தப் படத்தையே படம் பிடிச்சுப் பாத்தவங்களும் உண்டு, ஆனா போனுக்குள்ள பழைய படம்தான் வந்துச்சே தவிர வந்து நின்னவங்க வரலை. அவங்க காயிதத்துல மட்டும்தான் நின்னாங்க.

எந்தப் படத்துல யாருன்னு கணக்கு எடுத்தப்போதான் எங்களுக்கு ஒண்ணு தெரிஞ்சுது. எங்க காலனிப் படங்கள்ல வந்து நின்னவங்கள்ல பாதிக்கு மேல ஒரே ஆளு. பழுப்புக் கட்டம் போட்ட சட்டை, மடிச்சுக் கட்டின வேட்டி, கழுத்துல வாரு தொங்குற ஜப்பான் கேமரா. ஒண்ணாம் பிளாக்கு கீழ்வீடு லிங்கதுரை அண்ணன். செத்து இருபது வருசம் ஆச்சு.

லிங்கதுரை அண்ணன் துறைமுகத்துல டாலி கிளார்க்கு. கப்பல்ல ஏறுற மூட்டை இறங்குற மூட்டையை நின்னு எண்ணுற வேலை. அவுக கல்யாணம் திருச்செந்தூர்க் கோயில்ல நடந்துச்சு, அதுக்குப் படம் எடுத்தவன் அவசரக் குடுக்கை, பிலிம் சுருளைச் சுத்தி முடிக்காமலே கேமராவைத் திறந்துட்டான், வெளிச்சம் பட்டு அத்தனையும் வெள்ளையாப் போச்சு. மாப்பிள்ளையும் இல்ல, பொண்ணும் இல்ல, முருகனும் இல்ல, முப்பத்தாறு வெள்ளைக் காயிதம். அண்ணன் மனசுல அது முள்ளாத் தங்கிட்டு. அடுத்த வருசமே ஒரு கப்பல்காரன்கிட்ட அந்தக் கேமராவை வாங்கிட்டாங்க, "இனிமே நம்ம கண்ணுல பட்ட ஒண்ணும் வெள்ளையாப் போகக் கூடாது"ன்னு சொல்லிக்கிட்டே.

வாங்கினவங்க கோயிலை எடுத்தாங்களா, கடலை எடுத்தாங்களா? ம்ஹூம். தண்ணி லாரிக்கு வரிசையில வச்ச குடத்தை எடுத்தாங்க. நான் மாவுக் கையோட காதைச் சொறிஞ்சதை எடுத்தாங்க. சங்குக் கடைக்காரர் மதியம் பேப்பரை மூஞ்சியில போட்டுத் தூங்குறதை, புது யூனிபார்ம் போட்ட பிள்ளை அழுறதை, காயப்போட்ட கருவாட்டை ஒரு காக்கா யோசிச்சுக்கிட்டு நிக்கிறதை எடுத்தாங்க. எங்களுக்கெல்லாம் கேலிதான். "என்னவே லிங்கதுரை, கொடிக்கயிறு என்ன ஐசுவரியா ராணியா, அதைப் போயிப் படம் புடிக்கீரு?"ன்னு கேப்பாங்க. அண்ணன் கோவப்பட மாட்டாங்க. "மூட்டையை எண்ணி எண்ணிச் சலிச்சுப்போச்சு, எண்ண முடியாததை எடுக்கேன்"னு சொல்லுவாங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு சுருள். கழுவி வந்ததும் யாரு படமோ அவங்க வீட்டுக் கதவுல கொண்டுவந்து குடுத்துருவாங்க. ஒரு படம்கூட ஆடியிருக்காது, ஒரு தலைகூட வெட்டியிருக்காது, நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கும். எங்க எல்லார் வீட்டு ஆல்பமும் அப்படித்தான் நிறைஞ்சுது.

ஒரே ஒரு படம்தான் கோணலாப் போச்சு. அது அவுக வீட்டுக்காரி ராஜகனி அக்காவை எடுத்தது.

ராஜகனி அக்காவைப் பத்திச் சொல்லணும்னா, வாயி நீளம், கை அதைவிட நீளம். திட்டிக்கிட்டே சோத்தை அள்ளி வைக்கிற ஜாதி. கல்யாணமாகி மூணாம் வருசமோ நாலாம் வருசமோ, பொதுக்குழாயில சாளை மீன் கழுவிக்கிட்டு இருந்தா. அண்ணன் எங்க இருந்தோ வந்து ஒரு கிளிக்கு. படம் கழுவி வந்தா, குழாய் ஒரு பக்கம் சரியுது, வானம் ஒரு பக்கம் சரியுது, அக்காவுக்கு நெத்திக்கு மேல தலையே இல்ல. அக்கா அதைப் பிடிச்சு நாலு வீட்டுக்குக் கேக்க, "ஊர்ல உள்ள குடத்தையெல்லாம் நேரா எடுக்கத் தெரியுது, கட்டினவளை எடுக்கும்போது மட்டும் கை நடுங்குதோ? இதை அடுப்புல போடுங்க"ன்னு கத்தினா. அண்ணன் படத்தைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் அக்காவைத் தனியா நிக்கவச்சு அவுக படமே எடுத்ததில்லை. எனக்குத் தெரிஞ்சு அக்கா மனசுல இருந்த ஒரே ஆவலாதி, தீராத குறை, அதுதான், என்னைத் தவிர எல்லாரையும் நேராப் பாத்த மனுசன்னு.

பிள்ளை இல்ல அவங்களுக்கு. அண்ணன் ஒரு நாள் துறைமுகத்துல மூட்டை எண்ணிக்கிட்டு இருக்கும்போதே உக்காந்து, உக்காந்தபடியே போயிட்டாங்க. பதினாறாம் நாள் விசேசத்துக்கு மாலை போடப் படம் தேடுனா, அம்மாடி, ஊரையெல்லாம் எடுத்த ஆளுக்கு ஒரு படம் இல்ல! கடைசியில துறைமுகப் பாஸ்ல இருந்த பொட்டு அளவு படத்தை ஸ்டூடியோவுல குடுத்தோம். அவன் அதைப் பெருசாக்கி, கோட்டுப் போட்டு, டை கட்டி, பின்னால ஒரு அருவியும் விழவச்சுக் குடுத்தான். வாழ்நாள்ல கோட்டையே தொடாத மனுசன். அக்கா அதைப் பாத்துட்டு, "யாரு இந்தத் துரை?"ன்னா.

அன்னைக்குத்தான் அந்தச் சண்டை. அண்ணனோட கூடப்பிறந்த தங்கச்சி தங்கபுஷ்பம், முத்தையாபுரத்துல கட்டிக்குடுத்தவ, கூட்டத்துக்கு நடுவுல நின்னா. அக்கா துக்கத்துல வாய்க்கு வந்ததைக் கேட்டுட்டா: "கூடப்பொறந்தவதான, உங்க அண்ணன் படம் ஒண்ணு உன்கிட்ட இல்லாமப் போச்சா?" தங்கபுஷ்பம் சும்மா இருந்திருக்கலாம். இருக்கலை. "இருபத்தி ரெண்டு வருசம் கூட வாழ்ந்தியே மதினி, ஒரு நாளாவது அந்தப் பெட்டியைக் கையில வாங்கி அந்த மனுசனை ஒரு படம் எடுத்தியா? நீ அடுப்புல போடச் சொன்னியே ஒரு படம், அதைக்கூட எங்க அண்ணன் என்கிட்டத்தான் குடுத்து வச்சிருக்கு. செத்தாலும் உனக்குத் தரமாட்டேன்"ன்னா. பந்தியில இலைக்கு முன்னால உக்காந்திருந்தவங்க எல்லாம் எந்திரிச்சுட்டாங்க. அன்னையில இருந்து இருபது வருசம், ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல, போக்குவரத்து இல்ல. தங்கபுஷ்பம் சொன்னது பொய்யா இருந்திருந்தா அக்கா என்னைக்கோ மறந்திருப்பா. மெய்யில்லா சொன்னா.

இப்போ வெள்ளத்துக்கு வருவோம். கீழ்வீடுகள்ல நெஞ்சளவு தண்ணி. அக்கா டிரங்குப் பெட்டியில வச்சிருந்த ஆல்பமும் நெகட்டிவும் கூழாப்போச்சு, கேமரா சேத்துல போச்சு, செவுத்துல இருந்த கோட்டுக்காரரும் அருவியோட வெள்ளத்துல போயிட்டார். ஆக, ஊர்ல எல்லார் வீட்டுக்கும் படம் எடுத்தவங்க வந்து நின்னாங்க, அக்கா வீட்டுல மட்டும் வந்து நிக்க ஒரு காயிதம் இல்ல. அண்ணன் திதி தை அமாவாசை. இன்னும் மூணு வாரம். "மாலையை வெறும் ஆணியிலயா போடுவேன் பாக்கியம்?"னு என்னைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. அந்தப் பொம்பளை அழுது நான் பாத்ததே இல்ல.

நான் அன்னைக்கு மாவு ஊத்தப் போன ஒவ்வொரு வீட்டுலயும் சொன்னேன். சாயங்காலத்துக்குள்ள அக்கா வீட்டு ஈரச் செவுத்து ஓரமா நாப்பத்தி மூணு படம் வந்து சேந்துட்டு. ஒவ்வொருத்தரும் தங்கள் பிள்ளையை, தங்கள் குடத்தை, தங்கள் தூக்கத்தைக் கொண்டுவந்து தரையில வரிசையா வச்சாங்க. நாப்பத்தி மூணுலயும் அண்ணன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் தரையில தவழ்ந்து தவழ்ந்து பாத்தா. "இந்தா, இந்தச் சட்டைப் பித்தான் நான் தச்சது, கறுப்பு நூல் இல்லாம நீல நூல்ல தச்சேன். இது கட்டைவிரல்ல ஆணி குத்தின வருசம், பாரு துணி சுத்தியிருக்கு. ஐயோ, இந்தக் குதிகால் வெடிப்பைப் பாரேன், எத்தனை தடவை எண்ணெய் தடவச் சொன்னேன், கேட்டாத்தான?"ன்னு ஒவ்வொண்ணா விரலை வச்சு வச்சுச் சொன்னா. எல்லாம் இருந்துச்சு. முகத்தைத் தவிர. நாப்பத்தி மூணு படத்துலயும் நாப்பத்தி மூணு கேமரா.

பாத்து முடிச்சிட்டுச் செவுத்துல சாஞ்சு உக்காந்தா. "எல்லாரையும் பாக்காங்க பாக்கியம். சங்குக் கடைக்காரரைப் பாக்காங்க, உன்னைப் பாக்காங்க, காக்காயைப் பாக்காங்க."

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குல்லா யக்கா"ன்னேன் நான்.

எந்த ஒண்ணுன்னு அவ கேக்கலை. "அவ வாசல்ல போயி நான் நிக்கணுமாக்கும்? அதுக்கு அந்த ஆணியிலேயே மாலையைப் போட்டுருவேன்"னு எந்திரிச்சுப் போயிட்டா.

அதுக்கப்புறம் ரெண்டு வாரத்துக்கு மேல நான் வாயைத் திறக்கலை. மாவு ஊத்துவேன், வருவேன். ஆனா அந்த நாள்கள்ல ஒரு விசயம் நடந்துச்சு. வெயில் ஏற ஏற, படங்கள்ல ஈரம் காயக் காய, வந்து நின்னவங்க கொஞ்சம் கொஞ்சமா வெளுக்க ஆரம்பிச்சாங்க. சஃபாரி சூட்டுக்காரருக்கு முதல்ல செருப்புப் போச்சு, அப்புறம் முழங்கால் போச்சு. சந்தனமாரியே, "பாவம், நிக்கட்டுமே, நல்ல மனுசன்தான்"னு ஈரத்துணியை வச்சு ஒத்திப் பாத்தா. பிரயோசனம் இல்ல. தை அமாவாசைக்கு ரெண்டு நாள் இருக்கையில, நான் ஆறு மணிக்குக் கதவைத் தட்டினா, அக்கா தலை சீவி, வெளுத்து மடிச்ச சேலை உடுத்தி, செருப்பு மாட்டி நிக்கா. "வாளியை வச்சிட்டு வா. முத்தையாபுரம் பஸ் எத்தனை மணிக்கு?"ன்னா.

பஸ் எதுக்கு? இசக்கிராஜா ஆட்டோவைத் திருப்பிப் போட்டு நிக்கான். வழி பூரா அக்கா உப்பளத்தையே பாத்துக்கிட்டு வந்தா. ஒரே ஒரு தடவை, "முகம் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் பாக்கியம். என்னை எடுக்கும்போது எப்படி நின்னாங்கன்னு மட்டும் பாத்துட்டு வந்துருவோம்"ன்னா.

தங்கபுஷ்பம் வீட்டுக் கதவு திறந்துதான் கெடந்துச்சு. அவ நாற்காலியை நடையிலேயே போட்டு, வாசலைப் பாத்து உக்காந்திருந்தா. தலை பூரா நரைச்சுப்போச்சு, அண்ணன் சாடை அப்படியே மூஞ்சியில. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டதுல நான் கணக்குப் போட ஆரம்பிச்சுட்டேன், சண்டை வந்தா யாரைப் பிடிக்கிறதுன்னு.

தங்கபுஷ்பம்தான் முதல்ல பேசினா. "வா மதினி. இருபது நாளா வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், நீ வருவ வருவேன்னு."

"நீ வந்திருக்கலாம்லா?"

"வந்திருக்கணும். கேக்கவங்ககிட்ட எல்லாம் கால் வலின்னு சொன்னேன். கால் இல்ல மதினி, கொழுப்பு." சொல்லிட்டு மடியில கவுத்தி வச்சிருந்த படத்தை எடுத்து நீட்டினா. "கூரை ஒழுகி இதுவும் நனைஞ்சுச்சு. காஞ்சிரக் கூடாதுன்னு ஈரத்துணியில சுத்திச் சுத்தி வச்சிருக்கேன். பாரு."

அக்கா வாங்கினா. நான் தோளுக்குப் பின்னால எட்டிப் பாத்தேன், மரியாதை எல்லாம் அந்த நேரத்துல யாரு பாத்தா!

அதே கோணல். சரிஞ்ச குழாய், சரிஞ்ச வானம். இருபத்தஞ்சு வயசு ராஜகனி அக்கா, கை பூரா மீன் செதில், புறங்கையால நெத்தி முடியைத் தள்ளிக்கிட்டு யாரையோ திட்டுறா, நெத்திக்கு மேல தலை இல்ல. இந்தப் பக்கம் ஓரத்துல, முட்டுவரைக்கும் வெளுத்துப்போயி, லிங்கதுரை அண்ணன். கேமரா முகத்துல இல்ல. நெஞ்சுக்குக் கீழ இறங்கிக் கோணலாத் தொங்குது, விரல் மட்டும் பித்தான்ல இருக்கு. முகம் முழுசாத் தெரியுது. அக்காவைப் பாத்துக்கிட்டு நிக்காங்க. எப்படிப் பாத்தாங்கன்னு என்னைக் கேட்டா, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை சோத்துப் பானையைப் பாக்குமே, அப்படி. வாய் லேசாத் திறந்திருக்கு. கையில கேமரா இருக்குறதே மறந்துபோச்சு மனுசனுக்கு, விரல் தன்னால அமுக்கியிருக்கு.

அக்கா படத்தைக் கண்ணுக்குப் பக்கத்துல கொண்டுபோனா. அப்புறம், "மீசையை இடது பக்கம் கூடக் கத்தரிச்சிருக்காங்க பாரு. நேரா வெட்டிக்கிடத் தெரியாது"ன்னா. நடையிலேயே உக்காந்துட்டா. "புஷ்பம், இதையா நான் அடுப்புல போடச் சொன்னேன்? நான் பாவி, ஒரு நாளாவது அந்தப் பெட்டியை வாங்கி இந்த மூஞ்சியை எடுத்தேனா? நீ கேட்டது சரிதான்ட்டி. இருபது வருசமா நீ கேட்டது சரிதான்."

தங்கபுஷ்பம் நாற்காலியைப் பிடிச்சு எந்திரிச்சு, மெல்ல இறங்கி அவ பக்கத்துல உக்காந்தா. "பதினாறாம் நாள் வயித்தெரிச்சல்ல வந்த வார்த்தை மதினி. எங்க அண்ணன் இதை என்கிட்டக் குடுத்தப்போ என்ன சொல்லுச்சு தெரியுமா? 'பத்திரமா வை புஷ்பம், நான் எடுத்ததுலயே நல்ல படம் இது'ன்னு சொல்லுச்சு. கோணலா இருக்கேண்ணேன்னு சிரிச்சேன். எனக்கும் இந்த வெள்ளம் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது." ரெண்டு கிழவிகளும் தோளைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. நானும் அழுதேன், நான் என்ன கல்லா? இசக்கிராஜா வெளிய ஆட்டோவைத் துடைக்கிற மாதிரி திரும்பி நின்னுக்கிட்டான்.

தங்கபுஷ்பம் படத்தைக் குடுத்துவிட்டா. தை அமாவாசைக்கு அவளே வந்து, மதினிகூட அடுப்படியில உக்காந்து காய் நறுக்கினா. பிரேம் போடுற கடைக்காரன், "அம்மா, ஐயாவை மட்டும் வெட்டி எடுத்து நேரா வச்சுத் தாரேன்"னு எவ்வளவோ சொன்னான். அக்கா விடலை. "ஒரு நூல் வெட்டினேன்னா உன் விரலை வெட்டுவேன்"ன்னுட்டா. அதே கோணலோட கண்ணாடி போட்டு, கோட்டுக்காரர் இருந்த அதே ஆணியில மாட்டி, மாலை போட்டாச்சு. விசேசத்துக்கு வந்தவன் போனவன் எல்லாம், பிரேம் சாஞ்சு தொங்குதுன்னு நெனைச்சு அதை நேராக்கப் போனாங்க. அக்கா ஒவ்வொருத்தரையும், "தொடாதீங்க, அது நேராத்தான் இருக்கு"ன்னு சொல்லித் தடுத்தா.

வெளுக்கத்தான் செய்யும்னு எங்களுக்குத் தெரியும். மாசி பிறந்து அடிச்ச வெயில்ல காலனிப் படங்கள்ல இருந்து எல்லாரும் போயிட்டாங்க, சொல்லாமக் கொள்ளாம வந்த மாதிரியே. வந்துட்டுப் போன வீடுகள் பழைய மாதிரி இல்ல, அதையும் சொல்லணும். இப்பவும் எங்க காலனியில ஆல்பத்தைப் பட்டுன்னு மூட மாட்டாங்க. யாராவது படம் எடுத்தா, எடுத்து முடிச்சதும் போனைப் பிடுங்கி, "நீ போயி நில்லு"ன்னு எடுத்தவங்களையும் ஒண்ணு எடுக்காங்க. நானும் என் பங்குக்கு, நாலு வருசமா வாரா வாரம் பேரப்பிள்ளை படத்தை அனுப்புற என் மருமகளுக்குப் போன் போட்டு, "உன் படம் ஒண்ணு அனுப்பு தாயி"ன்னு முதல்தடவையாக் கேட்டேன்.

அக்கா வீட்டுப் படத்துலயும் அண்ணன் போயிட்டாங்க. முட்டு போச்சு, வேட்டி போச்சு, சட்டை போச்சு. கடைசியா அந்தப் பார்வை ஒரு நாள் காலையில நான் மாவு ஊத்தும்போது இருந்துச்சு, மறுநாள் இல்ல. அக்காவுக்கு எப்படிச் சொல்லுறதுன்னு நான் கையைப் பிசைஞ்சேன். அவ எனக்கு முன்னாலேயே பாத்துட்டா. வாடின மாலையைக் கழத்திட்டு, புதுசாக் கட்டின மல்லிகையை எடுத்துப் போட்டா.

போன வாரம் எதிர்வீட்டுக்குப் புதுசாக் குடிவந்த பொண்ணு சக்கரை கேக்க உள்ள வந்திருக்கா. செவுத்தைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டா. சரிஞ்ச படம், தலை பாதி வெட்டின பொம்பளை, மேல மாலை. படத்தைப் பாக்கா, அக்காவைப் பாக்கா, திரும்பப் படத்தைப் பாக்கா.

"என்னம்மா இது, உயிரோட இருக்கீங்க, உங்க படத்துக்கு நீங்களே மாலை போட்டிருக்கீங்க! அபசகுனம்லா?"

அக்கா டம்ளர்ல சக்கரையைத் தட்டி நிரப்பிக்கிட்டே, திரும்பிக்கூடப் பாக்காமச் சொன்னா: "மாலை எனக்கில்லட்டி. எடுத்தவுகளுக்கு."